மலைப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்கு: கோத்தகிரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்ப் பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கோத்தகிரியில் பஸ் ஏறி, இறங்கி, தேயிலைத் தோட்டத்து நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகிற நாளில், மற்றவர் தனியாக ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தருவதற்குள், நடுவில் இருக்கிற மூன்று வகுப்பும் சத்தம் போட ஆரம்பித்துவிடும். அன்றைக்கு வாசிப்பு என்பதே நடக்காது.

வெளியிலிருந்து வரும் ஒருவர் உட்கார வேண்டிய இடம் அதுதான். நான்கைந்து பிள்ளைகள், ஒரு புத்தகம், முக்கால் மணி நேரம். இதற்கு பி.எட். வேண்டாம். வாரா வாரம் அதே நாளில், அதே நேரத்தில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். நான் பார்த்த தன்னார்வலர்களில் பெரும்பாலானோர் விட்டுப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அதையே சுற்றி வரும்.

நான் இதில் நுழைந்தது இல்லம் தேடிக் கல்வி வழியாக. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27-இல், விழுப்புரம் மாவட்டத்தில் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். இங்கே 7 மணி என்றால் கும்மிருட்டு, பாதையில் காட்டெருமை நிற்கும். அதனால் லைன் வீட்டுத் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் சீக்கிரமே தொடங்கிச் சீக்கிரமே முடித்தோம். எடுத்தவர்கள் அதே ஊர்ப் பெண்கள், பிள்ளைகளின் வீடு தெரிந்தவர்கள். ஒரு பிள்ளை வராவிட்டால் கூப்பிடப் போக நாலு வீடு தள்ளி நடந்தால் போதும். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதலில் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

எந்தப் பள்ளிக்கு அதிகத் தேவை என்று தேடாதீர்கள். எந்தப் பள்ளிக்கு மழையிலும் உங்களால் போய்ச் சேர முடியும் என்று பாருங்கள். நீலகிரியில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் எந்த பஸ், எத்தனை மணிக்கு, திரும்பி வர எது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு பஸ்ஸை நம்பித்தான் போக முடியும் என்றால் அந்தப் பள்ளி உங்களுக்கு வேண்டாம்.

பருவத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மண் சரிந்து ரோடு அடைபடுவதும் அப்போதுதான். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. குஞ்சப்பனை வழியாகப் போகிறவர்கள் பலாப்பழ சீசனில் யானையையும் மனதில் வைக்க வேண்டும். ஆட்சியர் மழை விடுமுறை அறிவிக்கிற நாள்கள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விடுகிற உள்ளூர் விடுமுறை, ஊரில் சாவு விழுந்தால் பிள்ளைகள் வராத நாள், எல்லாம் போக வருஷத்துக்கு எத்தனை வாரம் தேறும் என்று பாருங்கள். நாங்கள் 25 வாரத்தை வைத்துத்தான் திட்டம் போடுகிறோம். அதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷம்.

தலைமை ஆசிரியரைப் பார்ப்பது

ஜூன் மாதம் போகாதீர்கள். சேர்க்கை, பாடப்புத்தகம், சீருடை, எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் கணினித் தகவல் தளம்) பதிவு என்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலை நடுவில் போங்கள். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிற நேரம் நல்லது, அப்போது கொஞ்சம் உட்கார்ந்து பேசுவார்.

கையில் திட்டம் எதுவும் எடுத்துப் போக வேண்டாம். "நான் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன்", "யோகா எடுக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அதோடு சரி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், வாரத்துல எந்த நேரத்துல உங்களுக்கு ஒரு ஆள் கூட இருந்தா நல்லா இருக்கும்?" எங்கள் பள்ளியில் இதற்குக் கிடைத்த பதில் நான் நினைத்தே பார்க்காதது. "புதன்கிழமை மதியம் மூணாம் கிளாஸை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்மா. அந்தப் பிள்ளைங்க கொரோனாவுல அங்கன்வாடிக்கே போகல" என்றார். அந்த ஒரு வரியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயர், முகவரி, ஆதார் நகல், எந்த நாள், எந்த நேரம், என்ன வேலை என்று ஒரு பக்கக் கடிதம். தலைமை ஆசிரியர் அதை வட்டாரக் கல்வி அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுபோவார். இது வீண் வேலை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வெளியாள் ஒருவர் கேட்காமல் வகுப்பறைக்குள் போய்விட முடியாது என்பது நம் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு. பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள், ஆனால் அதற்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மேலாண்மைக் குழுவில் ஒரு நாள் உட்காருங்கள்

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. தன்னார்வலர் அந்தப் பள்ளிக்கு விருந்தாளி என்றால், வீட்டுக்காரர்கள் அந்தக் குழுவினர்தான். தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு கூட்டத்தில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவது இரண்டு நிமிஷம் போதும், மற்ற நேரமெல்லாம் கேளுங்கள்.

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று பல பள்ளிகளில் வருத்தப்படுகிறார்கள். அம்மாக்கள் ஏன் வரவில்லை என்று தோட்டத்துப் பக்கம் நடந்தால் தெரிந்துவிடும். பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். எங்கள் குழுவில் இருக்கிற ஒரு அம்மா எழுந்து சொன்னார்: "அக்கா, எடை போட்டு முடிச்சு நாங்க வர்றதுக்கு நாலு மணி ஆகும். நாலேகாலுக்கு வைங்க, அத்தனை பேரும் வர்றோம்." அடுத்த கூட்டத்தை நாலேகாலுக்கு வைத்தோம். முதுகில் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்காமலேயே சிலர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காகத் தேநீர் போட்டுக் கொடுத்ததுதான் அந்த வருஷம் நான் செய்த முதல் வேலை. உங்களாலும் முடிந்தால் இதைச் செய்து பாருங்கள். கூட்ட நேரத்தை மாற்றப் பேசுவது பாடம் சொல்லித் தருவதற்கு எந்த வகையிலும் குறைந்த சேவை இல்லை.

வாசிப்பு வகுப்பு: முக்கால் மணி நேரம் எப்படிப் போகும்

தன்னார்வலர் ஒருவர் செய்யக்கூடிய வேலைகளில் பலன் அதிகம் தருவது இதுதான் என்பது என் முடிவு. கணினி, ஓவியம், கைவேலை எல்லாம் பிறகு வரட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மற்ற பாடம் ஒவ்வொன்றும் சுவர்தான்.

முதல் வாரம் எதையும் சொல்லித் தராதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்தியைக் காட்டுங்கள். எழுத்து தெரிகிறதா, சொல் சேர்கிறதா, வாக்கியம் ஓடுகிறதா, படித்தது புரிகிறதா என்று நாலு நிலையில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து யூகிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். பாடத்தை மனப்பாடமாகவே வைத்திருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பிறகு ஒத்த நிலையில் இருக்கிற ஐந்து பேரைச் சேர்த்து ஒரு குழு. ஆறு பேருக்கு மேல் போகாதீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. வெளியிலிருந்து புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் அது பூட்டியே இருக்கிறது, கிழிந்துவிடுமோ என்ற பயம். கிழிந்தால் ஒட்டித் தரும் பொறுப்பு என்னுடையது என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பசையும் தாளும் எடுத்துப் போகிறேன்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிஷம் நீங்கள் ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். அடுத்த இருபத்தைந்து நிமிஷம் ஒவ்வொருவரும் மாறி மாறி வாசிக்கட்டும். தடுக்கி நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கடைசிப் பத்து நிமிஷம் படித்ததிலிருந்து ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதட்டும். தப்பைச் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம், சரியானதை அடியில் எழுதிவிடுங்கள்.

வீட்டு மொழி

நீலகிரியில் இதைப் பேசாமல் வாசிப்பைப் பற்றிப் பேச முடியாது. ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் பிள்ளை வீட்டில் படகர் மொழி பேசுகிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு இருளர், குறும்பர், கோத்தர், தோடர், பணியர், காட்டுநாயக்கர் என்று அவரவர் மொழி. டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் தமிழ் வேறொரு ஓசையில் இருக்கும். இப்போது ஜார்க்கண்ட், அசாமிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் குழுவில் ஒரு பையன் பால் படத்துக்கு அடியில் 'ஹாலு' என்று எழுதினான். பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்துவிட்டது. அவன் உடனே கையால் நோட்டை மூடிக்கொண்டான். நான் கரும்பலகையில் ஒரு பக்கம் 'ஹாலு', மறுபக்கம் 'பால்' என்று எழுதி, "இன்னும் யார் வீட்ல இதுக்கு வேற பேர் சொல்லுவாங்க?" என்று கேட்டேன். 'தூத்' என்று ஒரு சின்னக் குரல் கடைசியிலிருந்து வந்தது. அதுவரை வாயே திறக்காத ஜார்க்கண்ட் பெண் பிள்ளை அது. அன்றைக்கு மிச்ச நேரமும் அதிலேயே போனது. தண்ணீருக்கு, பல்லுக்கு, மாட்டுக்கு என்று பலகை நிறைந்துவிட்டது. பையன் எழுதியது தப்பில்லை என்பதும், 'ஹ' வருகிற இடத்தில் தமிழில் 'ப' வரும் என்பதும் அவனுக்கே பிடிபட்டது. பல்லுக்கு 'ஹல்லு' என்று எழுதிவிட்டு, நான் கேட்பதற்கு முன்னால் பக்கத்திலேயே 'பல்' என்று எழுதினான். ஊரில் வீட்டு மொழி தெரிந்த பாட்டியோ அக்காவோ மாதம் ஒரு முறை வகுப்புக்கு வந்து ஒரு கதை சொன்னால், அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர்களும் தன்னார்வலர்தான்.

ஒரு இடத்துக்கு இரண்டு பேர்

முதல் வருஷம் நான் தனியாகப் போனேன். அக்டோபரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் மேட்டுப்பாளையத்தில் மூன்று வாரம் தங்க வேண்டியதாயிற்று. பள்ளிக்குச் சொல்லவில்லை. அந்தக் குழப்பத்தில் தோன்றவே இல்லை. திரும்பிப் போன புதன்கிழமை, நன்றாக வாசிக்க ஆரம்பித்திருந்த ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கேட்டேன். "தொலஞ்சிருச்சு" என்றது. சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் பையைத் திறந்தபோது புத்தகம் உள்ளேதான் இருந்தது, நானும் பார்த்தேன், அதுவும் பார்த்தது. எங்கள் இருவருக்குள் அது சரியாக ஜனவரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கட்டாயம் வருவார். இரண்டு பேரும் முடியாதென்றால் முந்தைய நாளே ஆசிரியருக்குப் போன், பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லும் பொறுப்பும் எங்களுடையது. இந்த இரண்டாவது ஆளை எங்கே தேடுவது? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தையல் கடை வைத்திருப்பவர், ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளையின் அம்மா, இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்கள். கல்லூரி மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், ஆனால் செமஸ்டர் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். அதனால் அவர்களை வார வகுப்பில் போடாமல் விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு வைத்திருங்கள். தேதி, யார் வந்தார்கள், எந்தப் பக்கம் வரை வாசித்தார்கள், யார் எங்கே தடுக்கினார்கள். மாற்றாள் வந்தால் அதைப் பார்த்துத் தொடரலாம். வகுப்பாசிரியர் அதை மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், அவரிடம் மறைத்து நடத்துகிற பாடம் எதுவும் இருக்கக் கூடாது.

பாதுகாப்பு விதிகள்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள், கதவு திறந்தே இருக்கட்டும். வகுப்பு மரத்தடியிலோ வராந்தாவிலோ நடந்தால் இன்னும் நல்லது, குளிர் தாங்கினால். பிள்ளையின் போட்டோவை உங்கள் போனில் எடுக்காதீர்கள், எங்கும் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் சாக்லேட், பென்சில் என்று தராதீர்கள். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை, அது தன்னார்வலருக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை உங்களிடம் சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் புகார் கொடுத்தாக வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வி உதவி எண். இரண்டையும் வாசிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மாலையில் வகுப்பென்றால் பனிமூட்டம் இறங்குவதற்கு முன் முடியுங்கள். பிள்ளைகள் கூட்டமாகப் போக வேண்டும், பெரியவர் ஒருவர் கடைசியில் நடக்க வேண்டும். தோட்டத்துக்குள் காட்டெருமை நின்றால் சுற்றுப் பாதை, நேரமானாலும் பரவாயில்லை.

பணமும் பொருளும்

உங்கள் கையில் காசு வாங்காதீர்கள். பள்ளிக்கு உதவ விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' இருக்கிறது. அந்த வழியைக் காட்டிவிடுங்கள். பொருளாகத் தந்தால் தலைமை ஆசிரியரிடம் நேரடியாகக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சீசனில் வருகிறவர்கள் பிளாஸ்டிக் உறையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுக்கப் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இந்த மாவட்டத்தில் தடை என்பதை மென்மையாகச் சொல்லி, ஸ்வெட்டரும் மழைக் கோட்டும் கேளுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். ஆசிரியர் அளவு பார்த்து, வகுப்பு முடிந்ததும் கொடுத்துக்கொள்வார்.

விடைபெறும்போது

ஊர் மாறலாம், கல்யாணம் ஆகலாம், வேலை கிடைக்கலாம். போகத்தான் வேண்டும் என்று தெரிந்தவுடன், குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆசிரியரிடமும் குழுவிடமும் சொல்லுங்கள். புதியவரை நாலு வாரம் உங்களோடு உட்காரவையுங்கள். முதல் வாரம் அவர் பார்க்கட்டும், இரண்டாம் வாரம் கதை வாசிக்கட்டும், மூன்றாம் வாரம் பாதிக் குழு, நாலாம் வாரம் முழுக் குழு, நீங்கள் ஓரத்தில். பிள்ளைகளிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், ஆசிரியர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். கடைசி நாளில் வாசிப்பு நோட்டை அவர் கையில் கொடுத்து, அடுத்த புதன்கிழமை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.